மேற்றன் குசினியைப் பாரமெடுத்தாள்

பெரிய டொக்டர் அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் றொபேட்டின் சீவியம் பழையபடியே ஓடியிருக்கும்.

ஐவிக்கு ஆஸ்பத்திரியில் பிரியாவிடை நடந்தது. வெளிநோயாளர் மண்டபத்தில் வாங்குகளை வரிசையாகப் போட்டு, மேசைக்கு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். தலைமைத் தாதியான மேற்றன் ஐவி கழுத்தில் மாலையோடு நடுக்கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஓய்வு பெறுகிற முகம் அல்ல அது. யாரோ ஒரு தாதி காலுறை சரியாகப் போடவில்லை என்று கண்டுபிடித்துவிட்டு, கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்கிற முகம்.

டொக்டர் எழும்பி நின்று அவளுடைய சேவையை நெடுநேரம் புகழ்ந்தார். முடிக்கும்போது, "இத்தனை வருடம் எங்கள் மேற்றன் ஊரைப் பார்த்தார். இனியாவது மிஸ்டர் றொபேட்டுக்குத் தன் மனைவியின் கையால் ஒரு பிடி சோறு கிடைக்கட்டும்!" என்றார்.

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. இரண்டு தாதிகள் கண்ணைத் துடைத்தார்கள். மூன்றாவது வாங்கில் இருந்த றொபேட் எல்லோருக்கும் கடைசியாக, எல்லோரிலும் மெதுவாகக் கைதட்டினான். அந்தக் கையின் சோறு எப்படியிருக்கும் என்று அந்த மண்டபத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். முன்னொரு காலம் அவன் காய்ச்சலில் கிடந்தபோது அவள் ஒருநாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்தாலும் கஞ்சி விழவில்லை. அன்று பின்னேரமே காய்ச்சல் விட்டது. கஞ்சிக்குப் பயந்துதான் விட்டது என்பது றொபேட்டின் முடிவு.

அவன் ஐவியின் முகத்தைப் பார்த்தான். அவள் டொக்டர் சொன்னதைக் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினாள். டொக்டர் வாயால் வந்தால் அவளுக்கு அது மருந்துச்சீட்டு. வேளை தவறாமல் கொடுத்தே தீருவாள்.

அவர்கள் வீட்டில் எல்லாம் மறுவளமாக நடந்து வந்தது. றொபேட் ஒரு காலத்தில் டொக்யார்டில் வெள்ளைக்காரக் கடற்படை ஒப்பிசர்மாரின் மெஸ்ஸில் சமையற்காரனாக இருந்தவன். ஐம்பத்தேழாம் ஆண்டு அவர்கள் கொடியை இறக்கி, பாண்டு வாத்தியம் வாசித்து, துறைமுகத்தை விட்டுப் போனபோது றொபேட்டின் வேலையும் அதே கப்பலில் ஏறிப் போய்விட்டது. மகள் கிறிஸ்டின் அப்போது சின்னப்பிள்ளை. ஐவிக்கு ஆஸ்பத்திரியில் இரவும் பகலும் டியூட்டி. "வேறை வேலை கிடைக்கும் வரைக்கும் கொஞ்ச நாளைக்கு வீட்டைப் பாருங்கோ" என்றாள். அந்தக் கொஞ்ச நாள், கிறிஸ்டின் வளர்ந்து, படித்து, கலியாணம் கட்டி மட்டக்களப்புக்குப் போன பிறகும் முடியவில்லை.

முதலில் ஊர் சிரித்தது. கள்ளுத் தவறணையில் ஒருவன், "என்ன றொபேட், மனுசன் வேலையால வந்திட்டாரோ?" என்று கேட்டான்.

"ஓம், வந்திட்டார்" என்றான் றொபேட். "உனக்கு எந்தப் பக்கத்தில ஊசி போடுறது எண்டு கேக்கிறார்."

அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. றொபேட்டும் மெல்ல மெல்ல ஒரு ராச்சியத்தைக் கட்டிக்கொண்டான். விடியக் காலமை பாண் கியூ. பிறகு கடற்கரையில் மீன். பிறகு வேலிக்கரையில் ஸாலிஹாவோடு கதை. ஸாலிஹா பக்கத்து வீடு, பேக்கரி ஸெய்னுதீனின் மனைவி. இரண்டு பேரும் வேலிக்கு மேலால் கறிவேப்பிலையையும் ஊர்ப்புதினத்தையும் மாற்றிக்கொள்வார்கள். அது பஞ்ச காலம். எழுபத்து மூன்றாம் ஆண்டின் கடைசி. மாவுக்குத் தட்டுப்பாடு, அரிசிக்குத் தட்டுப்பாடு, மிளகாய் என்றால் தங்கம். ஸெய்னுதீன் வேலிக்கு மேலால் ஒரு றாத்தல் பாண் நீட்டினார் என்று தெரிந்தால் சனம் அவரையே போறணை நெருப்புக்குள் தள்ளிவிடும். ஆகவே றொபேட்டும் எல்லோரையும் போலக் கியூவில் நின்றான். உண்மையைச் சொன்னால் அவனுக்கு அந்தக் கியூ பிடிக்கும். வண்டில்காரன் அலியார் அவனுக்கு முன்னால் நின்று ஊரில் உள்ள கள்ளத்தனம் எல்லாவற்றையும் ஒப்புவிப்பான். அரசாங்கத்தை வாய்விட்டுத் திட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஐவி வீட்டில் இருந்த நேரம் குறைவு. வருவாள், சட்டையில் குத்திய மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டே சாப்பிடுவாள், போவாள். கறி நல்லது என்றும் சொன்னதில்லை, கூடாது என்றும் சொன்னதில்லை.

பிரியாவிடைக்கு மறுநாள் காலை றொபேட் பாணோடு வீட்டுக்கு வந்தபோது குசினியிலிருந்து டெற்றோல் வாசம் வந்தது. அவனுடைய கத்திகளும் கரண்டிகளும் அகப்பைகளும் ஒரு பெரிய பானைக்குள் கொதித்துக்கொண்டிருந்தன. ஐவி கொண்டையை இறுக்கி, கைகளை முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு நின்றாள்.

"இஞ்ச என்ன, ஆருக்கும் ஒப்பறேசனோ?" என்றான் றொபேட்.

"அலுமாரித் தட்டில விரலை வைச்சுப் பாத்தனான். விரல் கறுத்துப் போச்சு. இதுக்குள்ள சமைச்சு நாங்கள் எப்பிடி உயிரோட இருந்தம் எண்டு தெரியேல்லை."

"இருந்தமெல்லே?"

"அது கர்த்தர் காப்பாத்தினது."

அவன் சுற்றிப் பார்த்தான். மிளகாய்த்தூள் போத்தல் உப்பு இருந்த இடத்தில் இருந்தது. உப்பைக் காணவில்லை. புளி உயரத்தில் ஏறியிருந்தது. அதைவிட மோசமான ஒன்றும் நடந்திருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் எப்போதும் கவிழ்ந்திருக்கும் அவனுடைய மீன்சட்டி அங்கே இல்லை.

"என்ர சட்டி எங்க?"

"எறிஞ்சு போட்டன். வெடிப்பு. வெடிப்புக்குள்ள கிருமி."

"எறிஞ்சனீரோ?" றொபேட் பாணை மேசையில் போட்டான். "ஐவி, அந்தச் சட்டியில வைக்கிற குழம்புக்குப் புளியே தேவையில்லை. சட்டியே குழம்பு வைக்கும்!"

"அதைத்தான் நானும் சொல்லுறன். பழைய குழம்பெல்லாம் அதுக்குள்ள கிடக்குது."

அவன் வளவுக்குப் பின்னால் ஓடிப் பார்த்தான். சட்டி மூன்று துண்டாகக் கிடந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற ஸாலிஹா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, மரணவீட்டுக்கு வந்தவளைப் போலக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் நிண்ட அண்ணே. ஒங்கட மிஸி ஒரே வீச்சு. தடுக்க நேரமில்ல."

அன்று தொடக்கம் ஐவி சமைத்தாள். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதுபோல அளந்து, நேரம் பார்த்து, இரக்கமில்லாமல் சமைத்தாள். கத்தரிக்காயில் ஒரு கிருமியும் மிஞ்சக் கூடாது என்று அவித்துக்கொண்டே போனாள். மீனைக் கழுவிக் கழுவி மீன் என்ற நினைவே அதற்கு இல்லாமல் செய்தாள். எல்லாக் கறிக்கும் அடியில் லேசாக டெற்றோல் மணந்தது. றொபேட் முன்வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எப்படியாவது பேப்பர் வாசிக்கப் பார்த்தான். ஆனால் உள்ளே தாளிதம் கருகும்போது பேப்பரில் உலகப் போர் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எழும்பிக் குசினி வாசலுக்குப் போவான். "பார்வையாளர் நேரம் முடிஞ்சுது" என்பாள் ஐவி. பகிடிக்குச் சொன்னாளா உண்மைக்குச் சொன்னாளா என்று அவனுக்குப் பிடிபடாது.

இதெல்லாவற்றையும் அவன் பொறுத்தான். அரிசி விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஊரில் நல்ல அரிசியைக் கண்ணால் காண்பதே அபூர்வம். ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்கு அரிசி கொண்டு போனால் வழியில் பொலிஸ்காரர் மறித்துப் பறிப்பார்கள். அந்த நேரத்தில் ஈச்சிலம்பற்றிலிருந்து றொபேட்டின் ஒன்றுவிட்ட தங்கச்சி, தலையணை உறைக்குள் அரிசியைக் கொட்டித் தைத்து, பஸ்ஸில் அதன்மேல் தலையைச் சாய்த்து நித்திரை கொள்வதுபோல நடித்துக்கொண்டு வந்து சேர்த்தாள். நத்தார்ப் பண்டிகைக்கென்று றொபேட் அதைப் பெட்டகத்துக்குள் பத்திரப்படுத்தினான். ஐவி பங்குச் சுவாமியை ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். தலையணையைப் பிரித்தாள்.

பூசை முடிந்து சுவாமி வந்தார். நல்ல சாப்பாட்டு மனிதர். றொபேட்டின் கையை நினைத்துக்கொண்டு காலைச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டு வந்திருந்தார். "இண்டைக்கு நான்தான் சமைச்சனான் சுவாமி" என்று ஐவி சொன்னதும் அவருடைய முகத்தில் ஒரு மேகம் வந்து போனது. ஆனாலும் செபம் சொல்லிச் சாப்பாட்டை ஆசீர்வதித்தார். வழக்கத்தைவிட நீளமாக ஆசீர்வதித்தார் என்று றொபேட்டுக்குப் பட்டது.

சோறு அடியில் கரியாகவும் நடுவில் களியாகவும் மேலே அரிசியாகவும் இருந்தது. இறால் செருப்பு வார் போல இழுபட்டது. சுவாமி வேதசாட்சிகளின் பொறுமையோடு மென்றார். இரண்டாம் தரம் போட வந்தபோது தட்டின் மேல் இரண்டு கைகளையும் விரித்து, "போதும் மகளே, இது தபசு காலம்" என்றார். விரதம் இருக்கிற தபசு காலத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடந்தது.

அவர் சைக்கிளில் ஏறிப் போன கையோடு றொபேட் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து ஐவிக்கு முன்னால் வைத்தான்.

"பாரும். தங்கச்சி கைப்பிள்ளை மாதிரிக் காவிக்கொண்டு வந்த அரிசி. கோழிக்குப் போட்டால் கோழியும் சீக்காயிடும்."

"பழகினால் வரும்."

"எப்ப? நான் செத்தாப் பிறகோ?"

"எனக்கு இந்த வீட்டில வேறை என்ன வேலை? சொல்லுங்கோ பாப்பம்." ஐவி இடுப்பில் கையை வைத்தாள். "விடிய எழும்புறன். உடுக்கிறன். எங்க போறது எண்டு தெரியாமல் நிக்கிறன். என்ர சொந்த வீட்டில எந்தப் போத்தல் எங்க இருக்குதெண்டு எனக்குத் தெரியாது."

"இரும். கதிரையில இரும். மனுசர் பென்சன் எடுத்தால் அதைத்தான் செய்யினம்."

"சும்மா இருக்க நான் என்ன நோயாளியோ?"

"இல்லை" என்றான் றொபேட். "நீர்தான் நோய்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே கேட்டது. ஐவி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பானையை எடுத்து மூடினாள்.

"அப்ப நோய் இருக்கிற வீட்டில நிக்காதேங்கோ. தொத்திப்போடும்."

மறுநாள் விடியமுதல் றொபேட் சைக்கிளை எடுத்துக்கொண்டு உப்புவெளிக்குப் போனான். அங்கே சுங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இராஜநாயகம் என்பவர், கடற்கரையில் நாலு அறையும் ஒரு கிடுகுக் கொட்டிலும் போட்டு வெள்ளைக்காரருக்கு விடுதி நடத்திக்கொண்டிருந்தார். சமைக்க வரச் சொல்லி அவர் முன்பே பலதரம் கேட்டிருந்தார். இப்போது றொபேட்டைக் கண்டதும் ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தார்.

"மனுசி பென்சனோ?"

"ஓம் ஐயா."

"எங்கட வீட்டில நான் பென்சன். மூண்டாம் மாசமே மனுசி சொல்லிப்போட்டா, ஒண்டில் நீங்கள் வெளியில போங்கோ, இல்லாட்டி நான் போறன் எண்டு. அதுக்குப் பயந்துதான் இந்த விடுதியைக் கட்டினனான். வெள்ளைக்காரர் வருகினம் எண்டது பிறகு நடந்த சங்கதி." குசினியைக் காட்டினார். "அங்க இருக்குது அடுப்பு. போய் நிம்மதியா இரு."

நிம்மதி கொஞ்ச நாள் இருந்தது. விடுதியில் தங்கியிருந்தவர்கள் ஜேர்மன்காரர். நீள முடி, குட்டைக் காற்சட்டை, நாள் முழுக்க வெய்யிலில் கிடந்து இறால் போலச் சிவப்பார்கள். வெள்ளைக்காரரின் வயிறு தனக்குத் தெரியாததா என்று றொபேட் முதல் நாள் ஆட்டிறைச்சி ஸ்டூ வைத்து, உருளைக்கிழங்கு அவித்து, பாண் புடிங்கும் செய்து பரப்பினான். அவர்கள் அதைச் சிறைச்சாப்பாட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். இராஜநாயகத்தின் தட்டில் இருந்த மீன்குழம்பைக் காட்டி அதுதான் வேண்டும் என்றார்கள். குழம்பைக் கொடுத்ததும் வேர்த்தார்கள், மூக்கைச் சீறினார்கள், அழுதார்கள், "வெரி குட், வெரி குட்" என்றார்கள். தட்டைப் படம் எடுத்தார்கள்.

றொபேட்டுக்கு உச்சி குளிர்ந்தது. இரண்டாம் நாளும் குளிர்ந்தது. பிறகு ஒருநாள் தேங்காய்ப்பால் சொதிக்கு உப்புப் போட மறந்துபோனான். அதற்கும் வெரி குட். ஒருநாள் சோறு குழைந்துவிட்டது. வெரி குட். வைக்கோலை அவித்து வைத்தாலும் இவர்கள் படம் எடுத்துவிட்டுத்தான் போவார்கள் என்று விளங்கியபோது அவனுக்கு உள்ளுக்குள் ஏதோ சலித்தது.

பொழுதுபட வீட்டுக்குப் போவான். ஐவி விறாந்தையில் இருப்பாள். இருவரும் ஒரு வாடகை வீட்டின் இரண்டு குடித்தனக்காரரைப் போல விலகி நடப்பார்கள். அவன் விடுதியில் சாப்பிட்டுவிட்டு வருவான். அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்கமாட்டான். கேட்டால் தோற்றது மாதிரி. ஆனால் வேலிப்பக்கம் போய் ஸாலிஹாவிடம் மெல்ல விசாரித்தான்.

"பாணும் பிளேன்ரீயும்தான்" என்றாள் ஸாலிஹா. "நான் கறி குடுத்தா வேணாங்குறாங்க. ஆனா அண்ணே, அத விடுங்க. கியூவில நடந்தது ஒங்களுக்குத் தெரியுமா?"

"எந்தக் கியூவில?"

"எங்கட பாண் கியூவிலதான்! நீங்க விடிய வெள்ளாப்பில உப்புவெளிக்குப் போனா பாணுக்கு ஆரு போற? மிஸிதான் போற."

றொபேட் இதை யோசிக்கவே இல்லை. ஸாலிஹா வேலிக் கதியால் கம்பைப் பிடித்துக்கொண்டு கதையை அவிழ்த்தாள். முதல் நாள் ஐவி கடைசியில் போய்ப் பேசாமல் நின்றிருக்கிறாள். லொறிக்காரன் ஒருவன், மலை மாதிரி ஆள், வழமைபோல நடுவில் புகுந்து முன்னால் போயிருக்கிறான். அவன் தள்ளின தள்ளில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

"அதுக்குப் பொறகு ஒரு சத்தம் வந்திச்சு பாருங்க அண்ணே. 'ஏய்! நீர்! வெளியில வாரும்!' எண்டு. எங்கட மனுசன் போறணைக்குள்ள நிண்டு மாத்தட்டக் கீழ போட்டுட்டாரு. அந்த லொறிக்காரன் வெளியில வந்து, கையக் கட்டிக்கிட்டு, தன்ட பேரையும் வயசையும் சொல்றான்! மிஸி கேக்கவே இல்ல!"

அதோடு அந்தக் கியூ ஐவியின் கைக்கு வந்துவிட்டது. வயிற்றுப்பிள்ளைக்காரரும் கைக்குழந்தைக்காரரும் ஒரு வரிசை, வயது போனவர்கள் ஒரு வரிசை, மற்றவர்கள் ஒரு வரிசை. இருமுகிறவன் தள்ளி நிற்க வேண்டும். சண்டை பிடித்தவன் கடைசிக்குப் போக வேண்டும். வரிசைகளுக்கிடையில் ஐவி குடையை ஊன்றிக்கொண்டு நடப்பாள்.

"எங்கட மனுசன்ட நகத்தப் பாத்துட்டு, வெட்டிட்டு வந்து மாவத் தொடுங்க எண்டுட்டாங்க. பத்து வருசமா நான் சொல்லி வெட்டாத நகம் அண்ணே! அண்டைக்கே வெட்டிட்டாரு!"

ஸாலிஹா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். றொபேட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. குசினியை எடுத்தாள். இப்போது கியூவையும் எடுத்துவிட்டாள். இனித் தனக்கென்று மிஞ்சியிருப்பது படுக்கையில் சுவர்ப்பக்கம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு படுத்தான்.

அடுத்த நாள் அவன் உப்புவெளிக்குப் போகிற வழியை மாற்றி, பேக்கரிக்கு எதிரே ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் சைக்கிளை நிறுத்தினான். ஸாலிஹா சொன்னதில் கூடுதலோ குறைவோ இல்லை. மூன்று வரிசை. ஐவி வெள்ளைச் சேலையில், குடையோடு. ஒரு கிழவியின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். ஒரு குழந்தையின் தலையைத் திருப்பிக் காதுக்குள் பார்த்தாள். தாயிடம் ஏதோ சொன்னாள். தாய் தலையாட்டினாள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவளுடைய முகத்தைத்தான் றொபேட் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்கு அவன் வார்ட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் நீண்ட விறாந்தையில் தூரத்தில் நடந்து வருவாளே, அந்த முகம். கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு, களைத்து, ஒன்றையும் தவறவிடாத முகம். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அதை அவன் ஒருதரம்கூடக் காணவில்லை. குசினியில் அவனுடைய போத்தல்களை இடம் மாற்றிக்கொண்டு நின்றவள் வேறு யாரோ போல இருந்தாள். அவளுக்கும் அங்கே நிற்க விருப்பமில்லை என்பது அவனுக்கு அந்த மரத்தடியில்தான் உறைத்தது.

அலியார் பாணோடு வந்து அவனைக் கண்டுவிட்டான்.

"என்னடா றொபேட், ஒளிச்சு நிக்கிறாய்? மிஸிக்கு முன்னால வாய் திறக்க ஏலாது. அரசாங்கத்தத் திட்டவும் வழியில்ல." பாணைத் தூக்கிக் காட்டினான். "ஆனா பாண் கிடைக்குது."

பிறகொரு நாள் மத்தியானம், ஜேர்மன்காரர் கடலுக்குள் கிடக்க, றொபேட் விடுதிக் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தான். நிலாவெளி பஸ் நிற்கிற சத்தம் கேட்டது. கிடுகு இடுக்கால் பார்த்தான். மணலில் குடையை ஊன்றி ஊன்றி ஐவி வந்துகொண்டிருந்தாள்.

இராஜநாயகம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு ஓடினார். "வாங்கோ மேற்றன், வாங்கோ. றொபேட்டைக் கூப்பிடட்டோ?"

"வேண்டாம். நான் சாப்பிட வந்தனான். மற்றவையைப் போலத்தான்." கடலைப் பார்த்தபடி இருந்த மேசையில் உட்கார்ந்து, குடையைப் பக்கத்துக் கதிரையில் வைத்தாள். "என்ன இருக்குதோ கொண்டு வரச் சொல்லுங்கோ. அவசரமில்லை."

அவசரமில்லை என்ற சொல் ஐவியின் வாயிலிருந்து வந்ததை றொபேட் முதல்தரம் கேட்டான். கையிலிருந்த மீனைப் பார்த்தான். விளைமீன், காலையில் பிடித்தது. குழம்பை வைத்தான். முருங்கையிலையைச் சுண்டினான். இறாலைப் பொரித்தான். சொதியை இறக்க முதல் மூன்று தரம் மூடியைத் திறந்து பார்த்தான். ஒப்பிசர்மாருக்கு விருந்து வைத்த நாளிலும் அப்படிப் பார்க்காதவன்.

தானே கொண்டுபோய்ப் பரிமாறினான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சோற்றைக் குழைத்து வாயில் வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய் வைத்தாள். றொபேட் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றான்.

"சொதிக்கு உப்புக் காணாது" என்றாள் ஐவி.

"என்ன?"

"உப்புக் காணாது. குழம்பு நல்லாயிருக்குது. இறால் ஒரு பொட்டுக் கூடப் பொரிஞ்சு போச்சு."

அவன் விரலைச் சொதியில் தொட்டு நக்கிப் பார்த்தான். காணாதுதான். இறாலும் அவள் சொன்னபடிதான். அவனுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. இத்தனை நாள் வெரி குட்டில் ஊறிக்கிடந்த காதுக்கு யாரோ தண்ணீர் வார்த்தது போல இருந்தது. ஓடிப்போய் உப்புக் கொண்டு வந்தான்.

"இத்தனை வருசமா உப்பைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லையே நீர்?"

"எப்ப சொல்லுறது? உங்கட சோத்தை நான் எப்பவும் நிண்டுகொண்டுதானே சாப்பிட்டனான். ஒரு கண் மணிக்கூட்டில, மற்றக் கண் வாசல்ல." அவள் உப்பைக் கலந்தாள். "இருந்து சாப்பிட்டால்தான் தெரியுது. இவ்வளவு நல்லாச் சமைக்கிறியள் எண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை."

"வாயில வைச்சவள் நீர். ஆர் வந்து சொல்லுறது?"

"அதுவும் சரிதான்."

அவள் மேலும் சோறு கேட்டாள். போட்டான். பிறகும் கேட்டாள். பிளேன்ரீயும் பாணுமாக இருந்த வயிறு. சாப்பிட்டு முடியும்வரை அவன் எதிரே உட்கார்ந்திருந்தான். கடலுக்குள்ளிருந்து ஒரு ஜேர்மன்காரன் கையை ஆட்டினான். றொபேட் கவனிக்கவில்லை.

"அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

"எப்பிடி?"

"நோய் எண்டு."

ஐவி விரலை நக்கினாள். மேற்றன்மார் விரல் நக்குவார்கள் என்று ஊருக்குத் தெரியாது. "நோய் எண்டது சரிதான். ஆனால் நோயைக் கண்டுபிடிச்ச ஆள் மருந்து குடுக்காமல் சைக்கிளில ஏறி ஓடினதுதான் பிழை."

"மருந்து நீரே எடுத்திட்டீரே. பேக்கரியடியில."

"பாத்தனீங்களோ?"

"வேப்பமரத்துக்குப் பின்னால நிண்டு பாத்தனான்."

அவள் முதன்முறையாக வெட்கப்பட்டாள். தட்டுக்குள் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "குசினி எனக்கு வேண்டாம். நான் அங்க நிண்டால் அடுப்பும் பயப்பிடுது. ஆனால் கியூவைத் தரமாட்டன்."

"அலியாரோட கதைக்க எனக்கு வேறை இடமில்லை."

"அலியார் வயசு போனவையின்ர வரிசையில நிக்கிறவர். நீங்களும் வந்து நில்லுங்கோ. ஆனால் சத்தம் போடக் கூடாது."

"எனக்கு வயசு போகேல்லை."

"அப்ப மற்ற வரிசையில நிண்டு பாணில்லாமல் போங்கோ."

இராஜநாயகம் தூரத்தில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல சமையற்காரன் போய்விடுவான் என்ற பயம் அவருக்கு. றொபேட் போகவில்லை. கிழமையில் பாதி நாள் இங்கே, பாதி நாள் வீட்டில் என்று பேசி முடித்தார்கள். இங்கே வருகிற நாட்களில் ஐவி மத்தியான பஸ்ஸில் வந்து அந்த மேசையில் இருந்து சாப்பிட்டு, என்ன பிழை என்று சொல்லிவிட்டுப் போவாள். அதற்குப் பதிலாக வெய்யிலில் வெந்து தோலுரிந்த வெள்ளைக்காரருக்கு அவள் மருந்து பூசிவிட வேண்டும் என்று இராஜநாயகம் கேட்டார். ஐவி கடற்கரையில் கிடந்த ஜேர்மன்காரரை ஒருதரம் பார்த்தாள். "முதல்ல உடுப்பைப் போடச் சொல்லுங்கோ" என்றாள்.

அன்று பின்னேரம் பஸ் வரவில்லை. பஞ்ச காலத்தில் பஸ்ஸுக்கும் பஞ்சம். றொபேட் சைக்கிள் கரியரில் சாக்கை மடித்துப் போட்டான். ஐவி சிறிய உடம்புக்காரி அல்ல. கரியரில் ஒருபக்கமாக ஏறி அவன் இடுப்பைப் பிடித்தபோது சைக்கிள் முனகியது. கலியாணம் கட்டிய புதிதில் பிடித்ததற்குப் பிறகு அவள் அந்த இடுப்பைப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டிய அளவும் கூடியிருந்தது.

"வலப்பக்கம் மாடு" என்றாள் ஐவி.

"தெரியுது."

"தெரிஞ்சால் ஏன் மாட்டை நோக்கிப் போறியள்?"

"ஹாண்டில் போகுது, நான் என்ன செய்ய?"

மாடுதான் விலகிக்கொண்டது. தென்னைகளுக்கு ஊடாகக் காற்று வந்தது. ரோட்டில் மணல் ஏறியிருந்த ஏற்றத்தில் றொபேட் பெடலில் எழும்பி நின்று உழக்கினான். உழக்கிக்கொண்டே கதைத்தான். குசினிக்குப் புதுச் சட்டி வாங்க வேண்டும், கத்திகளை இனி யாரும் அவிக்கக் கூடாது, சுவாமியை ஒருநாள் திரும்பக் கூப்பிட்டு மன்னிப்பாக ஒரு சாப்பாடு போட வேண்டும், கிறிஸ்டினுக்கு இதையெல்லாம் எழுதக் கூடாது, எழுதினால் சிரிப்பாள். ஐவி ஒன்றுக்கும் மறுத்துப் பேசவில்லை. இவ்வளவு தூரம் மறுக்காமல் அவள் கேட்டது அவர்களுடைய தாம்பத்தியத்தில் இதுவே முதல்தரம் என்று அவனுக்குப் பெரிய சந்தோசம். சைக்கிளும் ஏற்றத்தில் இப்படி லேசாக ஓடுகிறதே என்று ஆச்சரியமும் வந்தது.

திரும்பிப் பார்த்தான். கரியரில் சாக்கு மட்டும் இருந்தது.

ஏற்றத்தின் அடியில், வெகுதூரத்தில், ஐவி குடையை விரித்துக்கொண்டு நடந்து வந்தாள். அவசரமில்லாமல், ஆறுதலாக. வழியில் விறகு சுமந்துவந்த ஒருத்தியை நிறுத்தி, அவளுடைய கணுக்கால் வீக்கத்தைக் குனிந்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐவி! எப்ப இறங்கினனீர்?" என்று றொபேட் கத்தினான்.

அவள் கையை உயர்த்தி, சத்தம் போட வேண்டாம் என்று சைகை காட்டினாள். நோயாளியைப் பார்க்கும் நேரம். றொபேட் சைக்கிளை ரோட்டோரம் சாய்த்துவிட்டு, கரியரில் இருந்த சாக்கை எடுத்து நிலத்தில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தான்.